அண்ணன் சொன்ன விலை

அண்ணன் ஓர் ஏலக்காயை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனால் போடி பஜாரில் பேச்சு அடங்கிவிடும். அவர் விலை சொல்லிக் கை கொடுத்துவிட்டால் முடிந்தது. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மூட்டை தூக்கிப் பிழைத்த நாங்கள் இருவரும் குரங்கணிச் சரிவில் தோட்டமும் பஜாரில் கடையும் வாங்கியது அந்த வாய்ச்சொல்லை வைத்துத்தான். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பட்டம் வாங்கியவர்கள் என் கடையில் கணக்கு எழுதினார்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன்.

அந்த அண்ணனுக்கு மறதி நோய் வந்தது. மதுரை டாக்டருக்கும் மாத்திரைக்கும் கொடுத்தது போதாதென்று, பகலெல்லாம் கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் கேட்ட சம்பளத்துக்கு மலையில் இரண்டு பேரை வைத்துக் காய் பறிக்கலாம். மதினியோ மூட்டுவலிக்காரர், தெருவில் இறங்கி நடப்பவரை எப்படிப் பிடிப்பார்? கடையில் என் பக்கத்திலேயே உட்காரட்டும் என்று கூட்டிவந்தேன். நோய் என்று வெளியே தெரிந்தால் கடைப் பேர் போய்விடும் என்பதால் யாருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் லோடு ஏற்ற நான் பின்பக்கம் போயிருந்தபோது, எங்களிடம் பல வருடம் காய் வாங்கிய வியாபாரி ஒருவன் அண்ணனிடம் குடோன் காய் மொத்தத்துக்கும் விலை கேட்டிருக்கிறான். "கிலோ முந்நூறுன்னு எடுத்துக்கப்பு" என்று கையும் கொடுத்துவிட்டார் அண்ணன். அது நாங்கள் கடை தொடங்கிய காலத்து விலை; இப்போது பல மடங்கு ஏறியிருந்தது.

"அவருக்கு மேலுக்குச் சொகமில்லப்பா, இது நாயமா?" என்றேன்.

அவன் சிரித்தான். "சொகமில்லாதவர எதுக்குண்ணே கல்லாவுல ஒக்கார வச்சிருக்கீக? அவரு சொல்லு செல்லாதுன்னு பஜாருல ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயிர்றேன்."

நான் சொல்லவில்லை. காயை ஏற்றிவிட்டேன். அந்தக் காயைக் கடனுக்குக் கொடுத்திருந்த தோட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கச் சரிவில் பாதியை விற்றேன். சொன்ன சொல் காத்த குடும்பம் என்று ஊரே புகழ்ந்தது. புகழ்ந்த வாயில் ஒன்றுகூட அந்த வியாபாரியைக் கேள்வி கேட்கவில்லை. அடுத்த மாதமே இன்னொருவன், நான் வெளியே போகும் நேரம் பார்த்துக் கடையைச் சுற்ற ஆரம்பித்தான்.

வேறு வழியில்லாமல் ஆள் வைத்தேன். மீதிச் சரிவில் விளைவது இன்றுவரை அந்தச் சம்பளத்துக்கே போகிறது. டாக்டர் சீட்டில் எழுதாத இன்னொரு செலவும் பாக்கி இருந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வியாபாரிகள் கூடும் டீக்கடை முன் நின்றேன்.

"இனிமே எங்கண்ணன் சொல்ற வெல செல்லாது. எல்லாரும் கேட்டுக்கங்க."

எவனும் நிமிரவில்லை. அண்ணன்தான் என் தோளில் கையைப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து அதட்டினார்:

"எந்தம்பி சொல்லிட்டான்ல, அம்புட்டுத்தான். எங்க வீட்டுல ஒரே பேச்சு."