ஒற்றைப்படைத் தேதிகள்

கதை என்று நினைத்தால் இங்கேயே மூடி வைத்துவிடுங்கள். இது நடந்தது. சந்தேகமிருந்தால் பழவேற்காட்டில் சம்சுதீனையே கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். இரட்டைப்படைத் தேதியில் போங்கள்.

1987. அவனுடைய மாமா அப்துல் ஹை துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். கூடவே ஒரு விளையாட்டு. நாம் பெயர் வைக்கும் வீரர்கள் பாதாளத்தில் இறங்கிப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். அவர்களுடைய பலம், உயிர் எல்லாம் ஒரே டிஸ்க்கில் பதிவாகும். கூட விளையாடியவன் மாரி. குப்பத்துப் பையன், கல்லூரித் தோழன். யார் எந்த நாள் என்று சண்டை வந்தபோது மாரிதான் வழி சொன்னான். ஏரியில் வலை வைக்க ஆளுக்கொரு முறைநாள் குலுக்கிப் போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதேபோல் குலுக்கினார்கள். சம்சுதீனுக்கு ஒற்றைப்படைத் தேதி. மாரிக்கு இரட்டைப்படை.

"முப்பத்தொண்ணும் ஒண்ணும் சேர்ந்தாப்புல எனக்குடா!" என்று சம்சுதீன் குதித்தான்.

ஆனால் மாரியின் வீரன்தான் வளர்ந்தான். அவனுக்கும் மாரி என்றே பெயர். சம்சுதீனின் வீரன் சம்சு அடிவாங்கிக்கொண்டே இருந்தான். சம்சுதீனுக்கு வயிறு எரிந்தது.

அக்டோபர் 16. மாரியின் நாள். அவன் ஏரியில் இருந்தான். பகல் 2.20. டிஸ்க்கிலிருக்கும் எண்களைத் திறந்து திருத்தும் புரோகிராம் ஒன்றை சம்சுதீன் ஓட்டினான். மாரியின் பலத்தைத் தன் வீரனுக்கு ஏற்றினான். மாரியின் உயிருக்கான இடத்தில் ஒன்றை அழித்துப் பூஜ்ஜியம் போட்டான்.

18ஆம் தேதி மாரி திரையைப் பார்த்தான். கத்தவில்லை.

"எம் பாட்டுல கை வச்சியா?"

"இல்லடா. டிஸ்க் கெட்டுப் பூடுச்சி."

"எங்க ஊர்ல அடுத்தவன் பாட்டுல வலை வச்சா, வச்சவனோட நாளெல்லாம் பறிகொடுத்தவனுக்குப் பூடும். தெரியுமில்ல?"

20ஆம் தேதி முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மாரியின் உடல் 22ஆம் தேதி கரை ஒதுங்கியது.

மறுநாள் 23. தன் நாளாயிற்றே என்று, வெட்கமில்லாமல் சம்சுதீன் உட்கார்ந்தான். பகல் 2.20. வீடு உறங்கிக்கொண்டிருந்தது.

திரையில் மாரிக்கு உயிர், ஒன்று.

பூஜ்ஜியம் போட்டான். டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அதை மூடிவிட்டால் யாராலும் அதில் எழுத முடியாது. காகிதம் ஒட்டி மூடினான். டிஸ்க்கை மறுபடி உள்ளே போட்டான்.

2.31. கர்ர்... கட்... கட்...

டிஸ்க் தானாக எழுதியது.

மாரி, ஒன்று. சம்சு, பூஜ்ஜியம்.

விசைகள் ஈரமாக இருந்தன. நக்கிப் பார்த்தான். உப்பு.

சுவிட்சை அணைத்தான்.

டிஸ்க் ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கு அணையவில்லை...

கட்... கட்...

கண் விழித்தபோது காலை 6.10. தேதி 24. விரல்களில் நைலான் நரம்பு அறுத்த கீறல்கள். காய்ச்சலில் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான். டிஸ்க்கை ஏரியில் வீசினான். ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவனுக்கு நினைவே இல்லாமல் போனது.

நவம்பர் 2. பயம் தாங்காமல் மாரியின் அம்மா ஜெயம்மாவைத் தேடிக் குப்பத்துக்குப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான்.

"இன்னாப்பா, புதுசா வர்றவன் மாதிரி நிக்கிற?" என்றாள் ஜெயம்மா. "ஒருநாள் வுட்டு ஒருநாள் வந்து வலை பின்ற. எம் புள்ள மாதிரியே இடது கையால. முந்தாநாளு வந்து ராவெல்லாம் இங்கதான படுத்து, நேத்து ராவுலதான போன?"

முந்தாநாள் 31. நேற்று 1.

சம்சுதீன் தன் விரல் கீறல்களைப் பார்த்தான்.

கஞ்சிச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு ஜெயம்மா கேட்டாள்.

"நாளிக்கும் வருவல்ல, மாரி?"