கருவாட்டின் மேல் விழுந்த பழி

வடக்கனந்தலில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா ஒருநாள் காலையில் உள்ளங்கையில் நாலு கறுப்பு வண்டோடு மாடிக்கு வந்து நின்றார்.

"டீச்சர், கீழ வூடு பூரா இதுங்கதான் ஊர்ந்துகினு கெடக்குது. எல்லாம் உங்க கருவாட்டால வந்தது. மாசம் பொறந்ததும் வூட்ட காலி பண்ணிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கடலூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் நெத்திலியை இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில்தான் வைத்திருந்தேன். கருவாடு தின்கிறவள் என்றால் அழுக்குப் பிடித்தவள் என்று அர்த்தமா? அதுவும் விலங்கியல் நடத்துகிறவளிடமே பூச்சிக் கதை! பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரத்தில் வேறு வீடும் கிடையாது. லேசில் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வண்டுகளைப் பள்ளிக்கு எடுத்துப்போய் லென்ஸில் பார்த்தேன். முதுகு கறுப்பு. வயிறு வெள்ளை, ஓரங்களில் கறுப்புப் புள்ளி. இறக்கை மூடியின் நுனியில் பொடி முள். சந்தேகமே இல்லை, தோல் வண்டு. ஆனால் அதன் தீனி என்று புத்தகத்தில் முதலில் போட்டிருந்ததே கருவாடுதான்! நாசமாய்ப் போக என்று மூடி வைத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மறுபடி திறந்து அடுத்த வரியைப் படித்தேன்: காய்ந்த தோல், எலும்பு.

சாயங்காலம் அந்தம்மா முன்னாலேயே என் டப்பாவைத் தாளில் கொட்டிக் காட்டினேன். ஒரு வண்டு இல்லை, புழு இல்லை.

"அப்ப எங்கேர்ந்து வருது?" என்றார்.

"வாங்க, பாத்துடலாம்."

கீழ்வீட்டில் சுவரோரமாகத் தேடிக்கொண்டே போனேன். இந்த வண்டின் புழு வளர வளரச் சட்டை உரிக்கும். மயிர் முளைத்த அந்தச் சட்டைகள் எங்கே ஜாஸ்தியோ அங்கேதான் குடித்தனம். கூடத்தில், அவருடைய மாமனார் அந்தக் காலத்தில் கல்வராயன் மலையில் சுட்டுக் கொண்டுவந்து, பாடம் பண்ணிச் சுவரில் மாட்டிய மான் தலைக்கு நேர் கீழே அவை குவிந்து கிடந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தம்மா காட்டிப் பெருமை பேசுவாரே, அதே தலை.

ஸ்டூல் போட்டு ஏறி மானின் காதைத் தட்டினேன். வண்டும் புழுவுமாகப் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ, இன்னா டீச்சர் இது!" என்று அந்தம்மா புடவையை உதறிக்கொண்டு துள்ளினார். அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட அப்படி வந்ததில்லை.

"நீங்க ஒண்ணும் காலி பண்ண வேணாங்க டீச்சர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டூலை விட்டு இறங்காமலே சொன்னேன்: "நான் ஏம்மா பண்றேன்? காலி பண்ண வேண்டியவங்க எல்லாம் மானுக்குள்ள இருக்காங்க."