மாமா விமானமாக ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு முதல் ரிமோட் விமானம் வாங்கிக் கொடுத்தது என் மாமா. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது மூக்கில் சுறாப் பல் வரைந்த கறுப்பு ஜெட். மாமா அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, தெர்மாகோல் மாதிரி ஏதோ ஒன்றில் செய்த மஞ்சள் விமானத்தைக் காட்டினார். பீர்க்கங்காயின் முதுகில் ஸ்கேலை ஒட்டியது போலிருந்தது. மெதுவாகப் பறக்கும், சாய்ந்தாலும் தானே நேராகும், கற்றுக்கொள்ள இதுதான் லாயக்கு என்றார். நான் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அம்மாவின் தம்பியான மாமா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பெண் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் போட்டோ அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்தே போன் தேய்ந்துவிடும் என்று அம்மா கேலி செய்வாள். என்னிடமும் காட்டி, எப்படி இருக்காங்க என்று கேட்டார். நான் ஜெட் படம் எங்கே என்று கேட்டேன்.

மஞ்சளை வாங்கி வீட்டுக்கு வந்தும் ஓயாத என் அழுகையை நிறுத்த மாமா ஒரு பரீட்சை வைத்தார். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடது நமக்கும் இடது. நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. புதிதாக ஓட்டுகிறவர்கள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். எனவே மாமாதான் விமானம். அவர் கைகளை விரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருவார். நான் ரிமோட்டின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறேனோ, அவர் தன்னுடைய அந்தப் பக்கம் திரும்புவார். தொடர்ந்து பத்துத் தடவை எதிலும் மோதாமல் திருப்பினால் கடையில் மாற்றி ஜெட். இல்லையென்றால் பீர்க்கங்காய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, போட்டோவில் இருந்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அரைமணியில் வந்து குளிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மாமா லுங்கியை மடித்துக் கட்டி, பனியனோடு குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு வந்தார். முதலில் அவரை முருங்கை மரத்தில் மோதவிட்டேன். பிறகு துணி காயும் கொடியில். பிறகு எனக்குப் பிடி கிடைத்தது. ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை வந்துவிட்டேன்.

பத்தாவது தடவை மாமா இரைச்சலோடு கிளம்பியபோது, எனக்குப் பின்னால் யாரோ வழி கேட்கும் குரல் கேட்டது. பழப்பையோடு ஒரு பெரியவர், கூட இரண்டு பெண்கள். ரயில் சீக்கிரம் கிடைத்ததால் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மாமா அவர்களைப் பார்த்துவிட்டார். கால் தயங்கியது.

"நிக்காதீங்க மாமா, இது பத்தாவது!" என்று கத்தினேன்.

மாமா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நிக்கலட்டி, நீ திருப்பு!" என்று வேகமெடுத்தார்.

பெரியவர் எனக்கு வலப்பக்கம் வந்துவிட்டார். பதற்றத்தில் நான் குச்சியை இடப்பக்கம் தள்ளினேன். மாமா தன் இடப்பக்கம் திரும்பி நேரே பெரியவர் மேல் போய் விழுந்தார். ஆரஞ்சுகள் மைதானம் முழுக்க உருண்டன.

அவர்களுக்கு வழி சொன்ன இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். "இன்னா சார், பொண்ணு ஊட்டுக்காரங்க மேலயே லேண்டிங்கா!" என்றார்.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், பையனுக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா மாமாவைத் திட்டித் தீர்த்தாள். சும்மா எக்சர்சைஸ் பண்ணினேன் என்றார் மாமா. நான் கத்தியதையோ தப்பாகத் திருப்பியதையோ பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அந்த மனசுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

அடுத்த ஞாயிறு வெள்ளானூர்ப் பக்கம் வெட்டவெளியில் மஞ்சள் விமானத்தைப் பறக்கவிட்டோம். ஜெட் இல்லையே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மாமா என் பின்னால் நின்று, என் விரல்மேல் தன் விரலை வைத்துக்கொண்டார். விமானம் ஒரு வட்டம் போட்டு எங்களை நோக்கி வந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார். நான் சரியாகத் திருப்பினேன். குதித்த குதியில் ரிமோட்டை மறந்தேன். விமானம் முள்செடியில் இறங்கி மூக்கு உடைந்தது.

மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு தெர்மாகோல் மூக்குக்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கே பாவமாகிவிட்டது.

"அழாதீங்க மாமா, வேற நல்லதா வாங்கிக்கலாம்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.