ஒரு கொலை, ஒரு கைத்தொழில்

என் நண்பன் செத்து இருபத்தொன்பது நாட்களுக்குப் பிறகுதான் எனக்கு அது தெரியவந்தது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மீன்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் நான். ஏனென்றால் எனக்கு அப்போதுதான் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்திருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது: இதய நோயாளிக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது. எந்த டொக்டரும் எழுதிக் கொடுக்காத மருந்து. ஆனால் அதை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டார்கள்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் இதயத்துக்குக் கூடாது என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவும்.

நண்பன் கொட்டாஞ்சேனைக்காரன். வேதக்காரன், கத்தோலிக்கன். துறைமுகத்தில் கிளார்க் வேலை. இருபது வருடங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு புத்தகம் வாசித்தான். வரிசை நகர்ந்தது, அவன் நகரவில்லை. நான் முதுகில் தட்டினேன். "பொறுங்க, இப்பத்தான் பொணத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றான். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் இறைச்சிக்கறி கிடைக்கவில்லை.

அதன் பிறகு புத்தகம் மாற்றத் தொடங்கினோம். முதலில் மர்மக் கதைகள் மட்டும்தான். ஒரு வருடத்துக்குள் சலித்துவிட்டது. முப்பதாம் பக்கத்திலேயே இரண்டு பேரும் கொலைகாரனைப் பிடித்துவிடுவோம். மிகவும் நல்லவனாக எவன் வருகிறானோ அவன்தான். "மச்சான், கொலை மட்டும் வாசிச்சா மூளை ஒரு பக்கமாச் சாஞ்சிரும். நடுவில ஒரு கோழி வளர்ப்புப் போடு" என்றான் அவன். பகிடிக்குச் சொன்னது சட்டமாகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒருவருக்கொருவர் இரண்டு புத்தகம் தெரிந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கொலை, ஒரு கைத்தொழில்.

கைத்தொழில் என்றால் எதையாவது செய்யக் கற்றுத்தரும் எந்தப் புத்தகமும். ஒரே ஒரு நிபந்தனை: வாசிக்கிறவனுக்கு அது எந்தக் காலத்திலும் உதவக்கூடாது. நாலாம் மாடியில் இருக்கிற எனக்கு அவன் தேனீ வளர்ப்புத் தந்தான். ஆட்டு நோய்களும் சிகிச்சையும் தந்தான். படகு எஞ்சின் திருத்துவது தந்தான், நான் கடலில் கால் நனைத்தே பல வருடம். பதிலுக்கு நான் அவனுக்கு இறப்பர் பால் வெட்டுவதும் மணப்பெண்ணுக்குக் கொண்டை போடுவதும் கொடுத்தேன். அவன் தலையில் அப்போது ஒன்பது மயிர் இருந்திருக்கும். அடுத்த மாதம் மூன்று கேள்வி கேட்போம். தோற்றவன் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டியும் ரோல்ஸும் வாங்க வேண்டும். ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்ன பருக்குவது என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இது விளையாட்டு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வேண்டிய புத்தகத்தை நானே தெரிந்தெடுத்தால் அது ஏற்கெனவே இருக்கிற எனக்குத்தான் பொருந்தும். அந்த நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லையே. அவன் தெரிந்தெடுத்துத் தரும்போது இரண்டு வாரத்துக்கு நான் தேனீக்காரன். ஒப்பீசில் மனேஜர் குரைக்கும்போது, இந்த மனுசனுக்குக் கொஞ்சம் புகை காட்டினால் அடங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். இருபது வருடம் அப்படித்தான் தப்பினேன்.

பிறகு நெஞ்சுவலி வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பத்தாம் நாள் அவன் செத்தான். காலையில் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனைக் கேட்டேன். நெஞ்செலும்பு ஒட்டும்வரை போனில் கதைக்கக்கூடாது, அதிர்வு போகும் என்றாள் மனைவி. இதை நான் நம்பினேன். துப்பறியும் கதை நாற்பது வருடம் வாசித்த நான் நம்பினேன். அவனை ஏன் காணவில்லை என்று கேட்டேன். அவனுக்கு இருமலாம். எனக்குத் தொற்றிவிடுமாம். "ஆனா புத்தகம் குடுத்து விட்டிருக்கிறார்" என்று இரண்டு புத்தகத்தைக் கையில் தந்தாள்.

ஒன்று கொலை. மற்றதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சுப் பயிற்சி. இதய நோயாளிகளுக்கானது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். கரைத்துக் குடிக்கிற மோல்ட் மா டின் ஒரு கை, நோய்ப் புத்தகம் மறு கை. கொழுப்பைக் குறைப்பது, நூறு வயதுவரை இருப்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவை என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டன. அவர்களைப் பொறுத்துக்கொண்டேன். அவர்களுக்கு நான் ஓர் இதயம், அதைச் சுற்றிக் கட்டிய ஒரு சாரம். ஆனால் இவனும் எனக்கு உதவுகிற புத்தகம் அனுப்புவதா? ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து, மனைவியிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்: "மூளை கெட்டவனே, நீயும் அவங்களோட சேர்ந்திட்டியா? நான் இன்னும் சாகேல்லை."

மாதம் ஒருமுறை என்ற சட்டத்தை மீறி அடுத்த ஞாயிறே உப்பில்லாச் சமையல் வந்தது; நோயாளிக்குச் சலுகை என்று நினைத்துக்கொண்டேன். கூட வந்த கொலையில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. பழைய புத்தகம் வாங்கும்போது அவன் முதலில் திருப்பிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான். இதைவிடப் பெரிய தடயம் ஒருவனுக்குக் கிடைக்குமா? நான் அதற்கும் ஒரு துண்டு எழுதினேன், முன்னதைவிட மோசமாக.

இதற்கிடையில் மைத்துனர். மனைவியின் தம்பி. தெமட்டகொடையிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் என்னைக் காவல் காக்க வருவார். நல்ல பிள்ளை. என் கட்டிலடியில் கிடக்கும் கொலைப் புத்தகத்தைக் கொண்டுபோய் பஸ்ஸில் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்துக்கொண்டு வருவார்.

"அத்தான், வாசிக்கேக்க பதட்டப்படாதேங்கோ. செய்தது டிரைவர்."

"என்னடாப்பா சொல்லுறாய்?"

"கொலை. டிரைவர்தான் செய்தது. டென்ஷன் ஏறக்கூடாதெண்டு முதலே சொல்லிப்போட்டன்."

பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்துக்கும் அவர் கைவிடவில்லை. "முடிவு இல்லை அத்தான். ஆனா ஒருத்தரும் சாகேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு வாசியுங்கோ."

"முதல் பக்கத்திலயே ரெண்டு பேர் செத்திட்டாங்களே!"

"அவை தெரியாத ஆக்கள்தானே."

மூன்றாம் ஞாயிறு தியானம் வந்தது. நான் எழுதிய மூன்றாவது துண்டை இங்கே எழுத முடியாது. இதை வாசிக்கிறவர்களில் பெண்களும் இருப்பார்கள்.

ஒவ்வொரு பின்னேரமும் கடலோர மரைன் டிரைவில் பத்து நிமிடம் நடக்க எனக்கு உத்தரவு இருந்தது. ஒருநாள் மைத்துனர் அவசரமாக ஒன்றுக்குப் போக இடம் தேடி ஓடினார். நான் அந்த இடைவெளியில் தப்பி, பஸ் ஓடும் காலி வீதிப் பக்கம் ஏறி, பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் நானாவின் கடை இருந்த ஒழுங்கைக்குப் போனேன். வஞ்சம் தீர்க்கத்தான் போனேன். அவனுக்கு உண்மையாகவே உதவக்கூடிய ஒரு புத்தகத்தைத் தேடிப்பிடித்து அனுப்பப்போகிறேன், அப்போது தெரியும் வலி என்று. மூலவியாதி பற்றி ஒன்று அகப்பட்டது. பொருத்தமாக இருந்தது.

"நானா, என்ர கூட்டாளி இந்தப் பக்கம் வந்தவனா? கொட்டாஞ்சேனை ஆள்."

நானா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "என்ன சேர் கேக்கிறீங்க? அந்த சேர் மவுத்தாகி ஒரு மாசமாகப் போவுதே. ஒங்கட மிஸிஸ்தானே வந்து சொன்னாங்க. அவங்கதானே கெழமைக்கு ஒருக்கா வந்து புத்தகம் எடுக்கிறாங்க. எதை எடுக்கிறதுன்னு தெரியாம அரை மணித்தியாலம் நிப்பாங்க."

பிறகுதான் அவருக்கு உறைத்தது. "யா அல்லாஹ்! நீங்க ஹார்ட் ஒபரேஷன் செஞ்சவர் இல்லயா?" ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கடைக்குள் வேறு இடமில்லாததால் என்னைச் சாதாரண தரப் பரீட்சை வழிகாட்டிக் கட்டு ஒன்றின்மேல் இருத்தினார்.

நான் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இதயம் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு துடிப்புக்கூடத் தவறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது அப்போதுதான். இதுவா தாங்காது என்றார்கள்? இதை நம்பாமல்தானா என்னை அவனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவிடவில்லை?

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

"ஆர் சொன்னது?"

"செத்தது ஆரெண்டு கேக்கேல்லை நீ. ஆர் சொன்னதெண்டு கேக்கிறாய்."

"கத்தாதேங்கோ. தையல் இழுக்கும்."

"இழுக்கட்டும்! எனக்கு எல்லாக் கொலையையும் சொல்லுறீங்கள். டிரைவர் செய்தவன், தோட்டக்காரன் செய்தவன் எண்டு வரிசையாச் சொல்லுறீங்கள். என்ர சிநேகிதன் செத்ததை மட்டும் சொல்ல வாய் வரேல்லை, என்ன?"

"ஆஸ்பத்திரியில உங்களைப் பார்த்திருந்தா நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்கள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"அந்தப் புத்தகங்கள்?"

"புத்தகம் வராட்டி நீங்கள் சந்தேகப்படுவீங்கள். கொலைப் புத்தகம் பார்த்து எடுக்கலாம், மட்டையில கத்தி இருக்கும். மற்றது எனக்கு என்னண்டு தெரியும்? உங்களுக்கு உதவட்டும் எண்டு எடுத்தன்." அவள் குரலும் ஏறியது. "நீங்கள் எழுதின துண்டெல்லாம் நான்தான் வாசிச்சனான். மூளை கெட்டவனே எண்டு எழுதினது எனக்குத்தான் வந்தது. அந்த மூண்டாவது துண்டு... கலியாணம் முடிச்ச இருபத்தாறு வருசத்தில என்னை ஒருத்தரும் அப்பிடிப் பேசினதில்லை."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. அன்றைய கோபத்தை அவ்வளவு மலிவாக விற்க எனக்கு விருப்பமில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்து மூன்று வாரம் ஏசியிருக்கிறேன். அழ வேண்டிய நாட்களில் ஏசியிருக்கிறேன். அந்த நாட்களை யார் திருப்பித் தருவது?

"முப்பத்தோராம் நாள் பூசை எப்ப?"

"நாளைக்கு இல்லை, நாளையிண்டைக்கு. ஆனா நீங்கள் அவ்வளவு தூரம்..."

"போறன். தடுத்தா கொழுப்புப் புத்தகம், மூச்சுப் புத்தகம் எல்லாத்தையும் நாலாம் மாடியில இருந்து கீழ எறிவன்."

பூசைக்குப் போனோம். மனைவியும் வந்தாள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் ஓட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கை மட்டும் என் நெஞ்சுக்கு முன்னால் வந்து மறித்தது. ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டேன். வேதக் கோயிலில் எழும்ப வேண்டிய இடத்தில் இருந்தேன், இருக்க வேண்டிய இடத்தில் எழும்பினேன். பக்கத்தில் நின்று சேர்ட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்கிறவன்தான் படமாகி முன்னால் இருந்தானே.

பூசை முடிந்து அவன் வீட்டில் சாப்பாடு. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து தாங்கள் எவ்வளவு கவனமாக எனக்குச் சொல்லாமல் இருந்தார்கள் என்று சொன்னார்கள். ஏதோ எனக்கு இரத்தம் தந்தவர்கள் மாதிரி. கடைசியில் அவனுடைய மனைவி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"அண்ணே, உங்களுக்குக் கோவம் இருக்கும்."

"இல்லை எண்டு சொல்ல மாட்டன், தங்கச்சி."

"அவரும் உங்களோட கோவமாத்தான் போனார்."

கதிரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"உங்களுக்கு ஒபரேஷன் எண்டு அவருக்கு நாங்க சொல்லலியே. அவருக்கும் ரெண்டு ஸ்டென்ட் போட்டிருக்கு. கேட்டா தாங்க மாட்டார் எண்டு உங்கட வீட்டு அக்காவும் நானும் கதைச்சு, நீங்க யாழ்ப்பாணம் போயிட்டீங்க, போன் உடைஞ்சு போச்சு எண்டு சொன்னம். அந்த மாசம் முதல் ஞாயிறுக்கு எப்படியும் வந்திருவீங்க எண்டு, உங்களுக்குக் குடுக்கிற ரெண்டு புத்தகத்தையும் பேக்கில வச்சுக்கொண்டு தேத்தண்ணிக் கடையில ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டு வந்தார்."

"என்ன சொன்னவன்?"

அவள் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி அந்தப் பக்கத்திலிருந்து கண்ணால் வேண்டாம் என்று காட்டினாள். நான் கண்டேன்.

"சொல்லு தங்கச்சி. என்ன சொன்னவன்?"

"கள்ளப் பயல், ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போகத் தெரியாதா, இருபது வருசப் பழக்கம் இவ்வளவுதானா எண்டார். இனி அவனுக்குப் புத்தகம் இல்ல எண்டார். அடுத்த நாளும் ஏசினார். சாகிற அண்டைக்குக் காலையிலயும்."

"அவனுக்கு உண்மையைச் சொல்லியிருந்தா?"

"ஓடி வந்திருப்பார் அண்ணே. அதுதான் பயம்."

ஓம், ஓடித்தான் வந்திருப்பான். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியோடு சண்டை பிடித்து உள்ளே வந்து, குழாய்களுக்கு நடுவில் கிடந்த என்னிடம் படகு எஞ்சினில் மூன்று கேள்வி கேட்டிருப்பான். அதில் செத்திருந்தாலும் எனக்குப் பக்கத்தில் செத்திருப்பான். இப்போது என்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டு, குளியலறையில். இரண்டு பெண்களும் எங்களுக்கு அதிர்ச்சி வரவிடாமல் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியிருந்தார்கள். ஒருவன் கோபத்தோடு போய்விட்டான். மற்றவன் கோபத்தோடு இருக்கிறான்.

அவளை ஏச முடியவில்லை. முப்பத்தோரு நாளில் அவள் பாதியாகியிருந்தாள். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயில் பொரித்த ஒரு பற்றிஸ் தின்றேன். எனக்கு விலக்கப்பட்ட பற்றிஸ். ஒருவரும் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோ கோட்டை ரெயில்வே ஸ்டேஷனைத் தாண்டியதும் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இனி நான் என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ."

"ஆர் செத்தாலும் எனக்குச் சொல்லோணும். அண்டைக்கே சொல்லோணும். என்ர மூக்கில குழாய் இருந்தாலும் சொல்லோணும்."

"சரி." காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நான் செத்தா?"

"அதையும் நீதான் வந்து சொல்லோணும். உன்ர தம்பியை நம்ப ஏலாது."

அவள் சிரித்தாள். ஓட்டோக்காரரும் சிரித்தார், தமிழ் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பள்ளத்தில் அவள் கை என் நெஞ்சுக்கு முன்னால் வந்தது. அந்த முறை தள்ளிவிடவில்லை, அவ்வளவுதான்.