மதுரைக்கு மடியில் கொண்டுபோன நெஞ்சுப் படம்

சிவகாசியில் நெஞ்சு ஸ்கேன் எடுத்த அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும், விடாமல் இருமிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், நான், அவர் தம்பி முருகேசன், ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் செல்வி. "இந்த சி.டி.யத்தான் டாக்டர்ட்ட கொடுக்கணும்" என்றாள் செல்வி. முருகேசன் சிரித்தான்.

"இதுக்குப் போயி மதுரைக்கு அலையணுமா மதினி? இங்கன இருந்தே வாட்ஸ்அப்ல அனுப்பிருதேன்."

சி.டி.யோடு கொடுத்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து அனுப்பினான். மதுரை டாக்டர் சளி என்று மாத்திரை எழுதினார். தீபாவளி கழிந்து, என் வீட்டுக்காரருக்கு இருமலில் ரத்தம் வந்தது. அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. சி.டி.யோடு நான் மட்டும் கிளம்பினேன்.

சிவகாசியிலிருந்து மதுரை ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறு மணி பஸ் ஏறினால், விருதுநகர் வழியாக எட்டரைக்குள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். அவரோடு போகும்போது ஜன்னலோரம் எனக்குத்தான். அன்றும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

"பக்கத்துல ஆள் வருதாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லய்யா" என்று சி.டி.யை மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் புள்ளி நீங்க அனுப்புன படத்துல இல்லயேம்மா. படத்தச் சுருக்குறதுல ரெண்டு விதம் இருக்கு. சேலைய மடிச்சு வச்சா, பிரிக்கும்போது முழுசா வரும். ஓரத்த வெட்டிட்டு மடிச்சா வராதுல்ல? போன்ல அனுப்புனது அப்படித்தான். உடனே கூட்டிட்டு வாங்க, சதை எடுத்துப் பாக்கணும். நாளாயிருச்சு."

திரும்பியதும் நேராக முருகேசன் வெடி லேபிள் அடிக்கும் அச்சாபீசுக்குப் போனேன். அவன் போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான்.

"வாட்ஸ்அப் படத்த வச்சு லேபிள் அடிச்சா சாமி மூஞ்சியே கலங்கிப்போகும்யா! ஒரிஜினல் ஃபைல மெயில்ல அனுப்பு!"

அவன் போனை வைக்கும்வரை நின்றேன்.

"வெடி லேபிளுக்குத் தெரிஞ்சது ஒங்க அண்ணன் நெஞ்சுக்குத் தெரியலையா?"

"அவசரத்துல தோணல மதினி."

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள். தூரத்து டாக்டர் என்றால் சென்டர்காரர்களையே முழுப் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபிலிமைப் போனில் படமெடுத்து அனுப்பவே வேண்டாம்.

இப்போது மதுரை ஆஸ்பத்திரியில், அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. கைக்கு வந்ததைத்தான் அவர் பார்த்தார். பார்க்க வரும்போதெல்லாம் ஆரஞ்சு வாங்கி வருகிறான் அந்தத் தம்பி. இவர் உரித்துத் தின்கிறார். நான் தொடுவதில்லை. இவர் பிழைத்து எழுந்து நடந்தாலும் சரி, முருகேசனை நான் மன்னிக்க மாட்டேன்.