கருப்பம்மாளின் வேலியும் பதினோரு மாடுகளும்

கருப்பம்மாளுக்குக் கோபம் வராது என்றுதான் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விரதம், வாயில் எந்நேரமும் 'தாயே', யார் வைதாலும் தலை குனிந்து போகிற சுபாவம். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

கோப்பெங் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு பால் வெட்டப் போனாள். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதியை இடித்தார்கள். சனங்கள் சிலர் ஈப்போவுக்கு, சிலர் ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்ட வேலைக்கு என்று போய்விட்டார்கள். கருப்பம்மாளும் அவள் புருஷன் சன்னாசியும் புதிய சீன முதலாளியான தவுக்கேயிடம் பால் வெட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். இந்த லயமும் இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆடிக்கொண்டிருந்தது. இடித்துவிட்டால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. அந்தக் கவலையில்தான் அவள் ஒன்றரை ஏக்கர் அரசாங்க நிலத்துக்கு மனுப் போட்டாள்.

நிலம் தோட்டத்துக்கும் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயலம்பத்துக் குட்டைக்கும் நடுவே கிடந்தது. முழுக்க லாலாங் புல். நில அலுவலகம் அதற்கு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற லைசன்தான் கொடுத்தது. பயிர் வைத்தால் புதுப்பிப்பார்கள், சும்மா போட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். காலையில் பால் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் மண்வெட்டி என்று இரண்டு வருஷம் உழைத்து அந்த லாலாங்கை அவள் அழித்தாள். கச்சான் என்கிற நிலக்கடலை போட்டாள், பயத்தங்காய்க்குக் கொடிக்கால் நட்டாள், ஓரத்தில் மிளகாயும் கத்தரியும் வைத்தாள்.

அது மாட்டுக்குப் போயிற்று.

மாடு என்றால் ஏதோ வழி தவறி வந்த மாடு அல்ல. மண்டோர் பழனியப்பனுடைய மாடு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று வேலைக்கு வந்தவர்கள் பேரை எழுதி வேலை பிரிக்கிறவர் அவர்தான். யார் எந்த மர நிரையில் எத்தனை மணி வரைக்கும் நிற்பார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பால் கறந்து கோப்பெங் காப்பிக் கடைகளுக்கு அனுப்பிவிட்டு, எல்லாரும் மரத்தடியில் குனிந்திருக்கும் நேரம் பார்த்துப் பட்டியைத் திறந்துவிடுவார். பதினோரு உருப்படி வரிசையாக நடந்து போய்க் கருப்பம்மாளின் கச்சானில் இறங்கும். அவள் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதைக் கேட்க ஆள் இல்லை. ஏனென்றால் பதினோரு மாட்டின் தொடையிலும் சூலம் சுட்டிருந்தது. எப்போதோ ஒருத்தி, பிள்ளை காய்ச்சலில் பிழைத்ததற்காக, செவலைக் கன்று ஒன்றை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். அதற்குச் சூலம் போட்டார்கள். அது நியாயம். கோயில் தலைவர் என்ற முறையில் அந்தக் கன்று பழனியப்பன் பட்டியில் வளர்ந்தது. சூலக்கம்பியும் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்புறம் அந்தப் பட்டியில் பிறந்ததற்கெல்லாம் சூலம் ஏறியது. கோயில் மாட்டைக் கட்டிப்போட்டால் பாவம், விரட்டினால் குற்றம். சாமி பேரைச் சொல்லி ஊரான் பயிரை மேய்க்கிறது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதோ.

எழுபத்தெட்டாம் வருஷம் நவம்பரில் நில அலுவலகத்திலிருந்து ஹாலிம் என்ற அதிகாரி வந்தார். நிலத்தில் சாணியும் குளம்படியும்தான் இருந்தன.

"பாகார் மானா, ஆச்சி?" என்று வேலியைக் கேட்டார்.

வேலி ஏது? கருப்பம்மாள் மாட்டின் குளம்படியைக் காட்டினாள். ஹாலிம் நல்ல மனுஷர். ஏப்ரல் கடைசியில் திரும்ப வருவேன், வேலியும் பயிரும் இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போகும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'வேறு ஆள்' யாரென்று சன்னாசிதான் விசாரித்து வந்தான். "மண்டோர்தான் மனுப் போட்டிருக்காராம். மாடு மேய்க்க நெலம் வேணுமாம்."

கருப்பம்மாள் அன்று சோறு தின்னவில்லை.

டிசம்பரில் வேலி போட்டார்கள். அதில்தான் ஒரு தப்பு நடந்துபோயிற்று. மறுநடவுக்காகத் தவுக்கே பக்கத்துக் காட்டில் பால் மரங்களைச் சாய்த்திருந்தார். கிளைகள் சும்மா கிடந்தன. அதையே வெட்டிக் கம்பமாக நட்டு முள்கம்பியை இழுத்துக் கட்டினார்கள். பரம்பரையாகப் பால் மரத்தடியிலேயே கிடந்தவர்களுக்கு அதன் பட்டை தெரிந்த அளவு அதன் கட்டை தெரியவில்லை. நட்ட மறுமாதமே பொடி உதிர்ந்தது. பங்குனி மழையில் அடிக்கட்டையில் காளான் பூத்தது. வெளியே பார்த்தால் கம்பம், உள்ளே இட்டலி மாதிரி. ஏப்ரலில் கச்சான் காய் பிடிக்கும் நேரத்தில்தான் கருப்பம்மாள் அதைக் கவனித்தாள். காட்டுக் கம்பு வெட்டிவந்து மாற்றலாம் என்று அவள் கத்தியைத் தீட்டிய அன்றைக்குக் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள்.

ஆறாங்கட்டை மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டினால் பத்து நாளைக்குப் பச்சை மரம் வெட்டக் கூடாது. மண்ணைத் தோண்டக் கூடாது. வாயில்லா ஜீவன்மேல் கை ஓங்கக் கூடாது. லயத்துச் சனங்கள் எல்லாரும் அதை மதிப்பார்கள். கருப்பம்மாள் கையிலும் மஞ்சள் கயிறு ஏறியது. பழனியப்பன் கையிலும் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காப்பு. வியாழக்கிழமை மாடுகள் கம்பத்தில் உரசின. நாலு கம்பம் மடமடவென்று சாய்ந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகாமல் காவலுக்கு நின்றாள். பழனியப்பன் பெரட்டில் அவள் பேரை அடித்தார், அன்றைக்குக் கூலி இல்லை. மாடுகளை அடிக்கக் கூடாதே என்று புடவைத் தலைப்பை வீசி வீசி விரட்டினாள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கின. பாதிக் கச்சான் போய்விட்டது.

அடுத்த வீட்டுக் குழந்தையம்மாள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எனக்குக் காப்பும் இல்ல, கயிறும் இல்ல. கத்தியக் குடு. நான் கம்பு வெட்டித் தாரேன். ஒங்க மாரியம்மா எங்கிட்ட வந்து கேக்க மாட்டாங்க."

"வேலி என்னோடது. நான் வெட்டினா என்ன, என் பேருக்கு நீ வெட்டினா என்ன?"

"அப்ப இப்பிடியே முந்தானையால விசிறிக்கிட்டு நில்லு. மாட்டுக்கும் காத்து வரட்டும்."

கருப்பம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் அவள் கோயிலுக்குப் போனாள். பழனியப்பன் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தோரணம் கட்டுகிறவர்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி.

"அண்ணே, திருவிழா முடியிற வரைக்குமாச்சும் மாட்டக் கட்டிப் போடுங்கண்ணே. அடுத்த திங்கக்கெழம தானா ஆபீஸ் துவான் நெலத்தப் பாக்க வாராரு."

"எந்த மாடு?"

"ஒங்க பட்டி மாடுதாண்ணே."

"ஏம்மா, தொடையில சூலம் பாத்தியா இல்லியா? அது அம்மன் மாடு. அம்மன் மாடு அம்மன் படைச்ச மண்ணுல மேயுது. திருவிழா நேரத்துல அதக் கட்டச் சொல்லி வந்து நிக்கிறியே, பயமா இல்ல ஒனக்கு?"

"பதினொண்ணும் அம்மன் மாடாண்ணே?"

"பதினொண்ணும்தான். போ, போயி வெரதத்த ஒழுங்கா இரு."

சுற்றி இருந்தவர்கள் தோரணத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. கச்சான் போனதற்காகக்கூட இல்லை. காப்புக் கட்டிய கையோடு, கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அம்மன் பேரில் ஒரு மனுஷன் பொய் சொல்கிறான். அவளுடைய விரதம் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதே விரதம் அவனுக்குப் பட்டிக் கதவைத் திறந்துவிடுகிற சாவியாக இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு தாயே தாயே என்று சொல்லிக்கொண்டிருந்தால் தாயே காறித் துப்ப மாட்டாளா?

"நமக்கு எதுக்குலா வம்பு," என்றான் சன்னாசி. "பேர அடிப்பாரு. மேட்டு நிரையில தள்ளிடுவாரு."

"தள்ளட்டும். வீட்டுல எத்தன கயிறு இருக்கு?"

"எதுக்கு?"

"எத்தன இருக்குன்னு சொல்லு."

மறுநாள் ஞாயிறு. உச்சிப் பூஜையில் கூழ் வார்க்கிற நாள். கோப்பெங்கிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் பழைய தோட்டத்துச் சனங்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கருப்பம்மாள் காலையிலேயே நிலத்துக்குப் போய்விட்டாள். மாடுகள் மிதித்துப் பிய்த்துப் போட்டிருந்த கச்சான் கொடிகளைப் பொறுக்கிப் பெரிய கட்டாகக் கட்டினாள். மாடுகள் வந்ததும் அவள் விரட்டவில்லை. கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். கொடி வாசனை கண்ட மாடுகள் பின்னாலேயே வந்தன. நடுநடுவே ஒரு பிடி உருவிக் கீழே போட்டாள். செம்மண் சாலை முழுக்க, முன்னால் கருப்பம்மாள், பின்னால் பதினோரு மாடு, கடைசியில் கயிற்றுச் சுருளோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சன்னாசி.

"அம்மன் ஊர்வலம் இன்னிக்கே கெளம்பிடுச்சா?" என்று லயத்து வாசலில் நின்று கேட்டாள் குழந்தையம்மாள். பிறகு அவளும் கூடவே நடந்தாள்.

கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியிலும் பந்தல் காலிலும் வேலிக் கம்பியிலும் ஒவ்வொரு மாடாகக் கட்டினாள். சனங்கள் கூழ்ச் சட்டியும் கையுமாக விலகி நின்றார்கள். பழனியப்பன் உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன பண்றே நீ?"

"அம்மன் மாட்ட அம்மன்கிட்ட ஒப்படைக்கிறேண்ணே." "நேத்து நீங்கதான் சொன்னீங்க, பதினொண்ணும் அம்மனுதுன்னு. இத்தன நாளா அம்மன் மாடு என் பயிர மேஞ்சுது, பாலு மட்டும் கோப்பெங் கடைக்குப் போச்சு. இனிமே பாலு அம்மனுக்கு அபிசேகத்துக்கு ஆகட்டும், மிச்சம் கூழு குடிக்க வந்த புள்ளைங்களுக்கு ஆகட்டும். பூசாரி ஐயா, எண்ணி எழுதிக்குங்க."

பூசாரி என்ன செய்வார்? மாட்டைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். கூட்டத்தில் தாப்பாக்காரக் கிழவர் ஒருவர், "நல்ல காரியம்தானே, எழுதுங்க," என்றார். அவருக்கு மண்டோரிடம் பயம் இல்லை. அவர் பேர் எந்தப் பெரட்டிலும் இல்லை.

"அவுத்து விடு," என்றார் பழனியப்பன்.

"யாரு மாடுண்ணே?"

"அவுத்து விடுன்னு சொல்றேன்ல."

"அம்மனுதுன்னா இங்கயே இருக்கட்டும். ஒங்களுதுன்னா இப்பவே அவுக்கிறேன். காப்புக் கட்டின கையோட, அம்மனப் பாத்து, யாரு மாடுன்னு சொல்லுங்க."

ஒரு பசு சாவகாசமாகப் பந்தல் காலில் கட்டிய வாழையிலையை இழுத்துத் தின்றது. பழனியப்பன் கருவறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்த மனுஷருக்கும் உள்ளே எங்கேயோ பயம் இருந்திருக்கிறது. பொய்யைச் சனங்களிடம் சொன்ன அளவுக்கு அங்கே பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"செவலக் காள கோயிலுது," என்றார். "மத்தது என்னோடது."

"எத்தன?"

"பத்து."

கருப்பம்மாள் பத்துக் கயிற்றையும் தானே அவிழ்த்து ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தாள். யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு கோயில் தலைவர் பந்தலுக்கு நடுவே நிற்கிறதைப் பார்த்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு வருஷத்துப் பயிர் அந்த வயிறுகளுக்குள் அல்லவா போயிருந்தது.

அதற்குப் பிறகு பட்டிக் கதவு மூடியே இருந்தது. ஆனால் சன்னாசி சொன்னது பலித்தது. செவ்வாய்க்கிழமையே அவளை மேட்டு நிரைக்கு மாற்றினார்கள். பால் வராத கிழட்டு மரங்கள். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

அந்த வியாழக்கிழமை காப்பு அவிழ்ந்தது. வெள்ளியும் சனியும் ஞாயிறும் அவர்கள் வேலி போட்டார்கள். இந்த முறை மரம் இல்லை. ஈயலம்பத்து மணலில் புதைந்து கிடந்த பழைய இரும்புக் குழாய்களை, காவல்காரச் சீனக் கிழவரைக் கேட்டுப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அவர் "அம்பில் லா" என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையை வீசிவிட்டார். குழந்தையம்மாள் ஞாயிறு பூசை முடிந்து பூப்போட்ட கவுனோடு வந்து மண் மிதித்தாள். மூன்று பக்கம் முடிந்தது. குட்டைப் பக்கம் முடியவில்லை.

திங்கட்கிழமை ஹாலிம் வந்தார். குழாயை ஆட்டிப் பார்த்தார். நின்ற கச்சானையும் மிளகாயையும் பயத்தங்காயையும் சுற்றி நடந்து பார்த்தார். மேய்ந்துபோன பாதியையும் பார்த்தார். கருப்பம்மாள் மறைக்கவில்லை. யார் மாடு மேய்ந்தது, யார் அதே நிலத்துக்கு மனுப் போட்டிருக்கிறார் என்று தனக்குத் தெரிந்த மலாயில் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தாளில் ஏதோ எழுதினார். பிறகு ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு வருசம்தானா?" என்றாள், கார் போன பிறகு.

"கெடைச்சுதேன்னு சந்தோசப்படுவியா, அத வுட்டுட்டு," என்றான் சன்னாசி.

"ஒழைக்கிறவளுக்கு வருசா வருசம் பரீட்ச. சூலத்தச் சுட்டவன் இன்னும் தலைவராத்தான் ஒக்காந்திருக்கான். இதுல எங்கேருந்து சந்தோசப்படுறது?"

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"அந்தக் கொழாய நேராப் புடி. குட்டப் பக்கம் இன்னும் தெறந்து கெடக்கு."

அவன் பிடித்தான். அவள் சுத்தியலை எடுத்தாள்.