என் டீச்சர் வேலையும் சில கிறிஸ்துமஸ் கொலைகளும்

மற்றவர்களுக்கு டிசம்பர் பண்டிகை மாதம். தொடர்கதை எழுதுகிறவளுக்கு அது பிணம் விழுந்தே ஆகவேண்டிய மாதம். அதுவும் சும்மா விழக்கூடாது. பக்கத்தில் ஒரு காதல் ஜோடி நிற்கவேண்டும், கோயில் மணி அடிக்கவேண்டும், ஒவ்வொரு வார அத்தியாயத்தின் முடிவிலும் 'யார் அது?' என்று ஒரு கேள்விக்குறி தொங்கவேண்டும். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். பெயர் எஸ்தர். நாகலிங்கம் என்பவருடைய அச்சகத்தில் அப்பா புரூப் திருத்திக்கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு நானும் அம்மாவும்தான். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நாகலிங்கம் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஒரு காதல் மர்மக் கதை போடுவார். அதை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. என் பெயர் வராது, 'மார்க்கண்டன், பி.ஏ.' என்று வரும். நான் படித்தது டீச்சர் டிரெயினிங்தான். பி.ஏ. பட்டம் முதலாளி மனமுவந்து கொடுத்தது.

பெயரை மறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரத் துரைசானி அம்மாளுக்குக் காதல் கதை என்றாலே ஆகாது. நான்தான் மார்க்கண்டன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் அம்மாவும் நானும் எங்கே போவோம்? அதனால் தையல் வகுப்பில் பிள்ளைகள் தலைகுனிந்து ஊசி ஓட்டும்போது, பாடக்குறிப்பு எழுதுகிற பாவனையில் நான் ஆளைக் கொன்றுகொண்டிருப்பேன்.

கட்டிப் பனி

முதல் வருஷம் முதலாளி ஒரு கிழிந்த இங்கிலீஷ் நாவலைக் கொடுத்து, "இதை அப்படியே மதுரைக்குக் கொண்டாந்துருங்க டீச்சரம்மா" என்றார். ஆளைக் கொண்டுவரலாம், கொலையைக் கொண்டுவரலாம். பனியை எப்படிக் கொண்டுவருவது? நம் ஊரில் மார்கழி என்றால் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு இருமுவோம், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தேன். வாழ்த்து அட்டையில் எல்லாம் பனி இருக்கிறதே என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். கூலிக்கு எழுதுகிறவளுக்கு என்ன வந்தது? வைகைக் கரையில் கட்டி கட்டியாகக் கொட்டவைத்து, கதாநாயகனை அதில் வழுக்கி விழவும் வைத்தேன்.

ஐப்பசி மழை பொய்த்துப்போன வருஷம் அது. பத்திரிகை வெளிவந்த வாரமே அவனியாபுரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் தலைப்பாகையோடு அச்சகத்துக்கு வந்துவிட்டாராம். யாரோ அவருக்குக் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லை, சண்டை போடவில்லை, நிதானமாகத்தான் கேட்டாராம்: "ஆத்துக்குள்ள அம்புட்டுக் கட்டி கொட்டுனதாப் போட்டிருக்கீகளே, எங்க கண்மாய் காஞ்சு கெடக்கு, இந்தப் பக்கமும் கொஞ்சம் கொட்டச் சொல்லுங்கய்யா!"

ஒரே ஜட்காவில்

நான் அச்சகத்துக்குப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் காதர் பாய். பள்ளிக்கூடத்து நோட்டுகளுக்கெல்லாம் பைண்டிங் போடுகிறவர், நாகலிங்கத்துக்கும் அதே வேலை செய்தார். நோட்டுக் கட்டோடு என் அத்தியாயமும் போகும். தங்கமான மனுஷர், ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆனால் போகிற வழியில் வீட்டில் இறங்கி, பெண்டாட்டிக்குக் கதையை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சகத்துக்குப் போவார். இது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷக் கதையில், கொலைகாரனுக்குப் பயந்து காதலனும் காதலியும் ஜட்கா பிடித்து அழகர்கோவில் பாதையில் தப்பி ஓடுகிறார்கள். குதிரை ஓட ஓட எனக்கே படபடவென்று வந்தது. நன்றாக எழுதிவிட்டோம் என்று பெருமையாக இருந்தேன். மறுநாள் பாய் அந்தத் தாள்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அச்சகத்தில் கொடுக்கவே இல்லையாம். ஏன் பாய் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நிக்காஹ் ஆகாம ரெண்டு பேரும் தனியா ஒரே வண்டியில போறாகன்னு வீட்ல ரொம்ப வெசனப்படுது டீச்சரம்மா, பெரிய மனுஷி ஒருத்தியக் கூட ஏத்திவிட்டா நல்லாருக்கும்."

அதிரசம்

பாய் வீட்டம்மாளுக்காக ஒரு அத்தையை வண்டியில் ஏற்றினேன். ஏற்றினவள் இறங்கமாட்டேன் என்று கதை முழுக்க வந்து கெடுத்தாள். அந்தக் கோபத்தில், அதற்கடுத்த வருஷம் முதல் அத்தியாயத்திலேயே ஓர் அத்தையைக் கொன்றேன். கிறிஸ்துமஸ் கேக்கில் விஷம்.

பண்டிகைக்கு நெருக்கத்தில் ரொட்டி வாங்க அந்தோணி கடைக்குப் போனால், மனுஷர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். கேக் எல்லாம் அலமாரியிலேயே இருக்கிறது. கதையைப் படித்துவிட்டு ஒருத்தரும் வாங்க வரவில்லை, வருகிறவர்களும் மோந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றார். தேவையே இல்லாமல் ஒரு முழுக் கேக்கை வாங்கினேன். நானும் அம்மாவும் அதைப் பொங்கல் வரைக்கும் தின்றோம். காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே அந்தோணி சொன்னார்: "நீங்க படிச்சவுக, அந்த மார்க்கண்டனை எங்கயாச்சும் பாத்தா சொல்லுங்க, விஷம் வைக்கணும்னா அதிரசத்துல வைக்கட்டும், அதை ஆரும் கடையில வாங்குறதில்ல!"

சிவப்பு மை

கடைசி வருஷத்துக் கதாநாயகி பெயர் ரூபி. பெற்றோர் இல்லாதவள். சொத்துக்காக அவளைச் சித்தப்பா ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அதற்குள் அந்தக் கிழவனை யாரோ சுட்டுவிடுகிறார்கள். பழி ரூபியின் காதலன் சாமுவேல்மேல் விழுகிறது. உண்மையைக் கண்டுபிடிக்க ரூபி வீட்டை விட்டு ஓடுகிறாள். நான் எழுதினதிலேயே எனக்குப் பிடித்த பெண் அவள்தான். எனக்கு இல்லாத துணிச்சலை எல்லாம் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

விடுதிப் பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் அந்தப் பத்திரிகை அகப்பட்டுவிட்டது. துரைசானி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் என்னையே முழுக்க வாசித்து, தகாத வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுத் தரச் சொன்னார். பாருங்கள் என் நிலைமையை! எந்த வரிகளுக்காக மண்டையை உடைத்துக்கொண்டேனோ, அந்த வரிகளுக்கெல்லாம் நானே கோடு போட்டேன். கோடு போட்டதை அவர் மெல்ல எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சொன்னார்: "இந்த மனிதனுக்கு மனைவி இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் இப்படி எழுத விடமாட்டாள்."

பாட்டுத் தாள்

பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவுக்கு வருஷந்தோறும் பாட்டுத் தாள் அச்சடிப்போம். நாலு பக்கம், நடுவில் மடித்தது. அதுவும் நாகலிங்கத்தின் அச்சகத்தில்தான். பாட்டுகளைப் பிரதி எடுத்துக் கொடுப்பது நான், ஏனென்றால் பள்ளிக்கூடத்திலேயே என் கையெழுத்துத்தான் அழகு. அந்த வருஷம் பாட்டுப் பிரதியையும் ரூபியின் கடைசி அத்தியாயத்தையும் காதர் பாயிடம் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தேன். பண்டிகை நெருக்கடியில் புரூப் வரவில்லை. விழா தொடங்குகிற நேரத்தில்தான் தாள் கட்டே வந்து இறங்கியது.

பெற்றோர், சபையார், பிள்ளைகள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு நன்றாக முடிந்தது. அடுத்த பாட்டுக்கு எல்லாரும் மூன்றாம் பக்கத்துக்குப் போனார்கள். ஆர்மோனியம் தொடங்கியது, ஒருவர் வாயும் திறக்கவில்லை. நானும் புரட்டினேன். 'ரூபி பாலத்தின் நடுவே வந்துவிட்டாள். துப்பாக்கியோடு நின்றவன் மெல்லத் திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள்...' என்று பக்கம் முடிந்திருந்தது. நாலாம் பக்கத்தில் ஆசீர்வாத ஜெபம். ஆர்மோனியம் தனியாக அழுதுகொண்டிருக்க, மண்டபமே மூச்சுவிடாமல் வாசித்தது. சிலர் நாலாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, அங்கே ஆள் யாரென்று இல்லாததால் சலித்துக்கொண்டார்கள். துரைசானி அம்மாள் தாள்களை எல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் நாகலிங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். நானும் ஓரமாக நின்றேன். பள்ளிக்கூடத்து அச்சு வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் மனுஷர் உளறுவார் என்று எதிர்பார்த்தேன். உளறவே இல்லை. வெகு நியாயமாகப் பேசினார்: "எங்க கம்பாசிட்டர் மேல பழி போடாதீகம்மா, பாட்டும் கொலையும் ஒரே கையெழுத்துல வந்தா அவன் என்னத்தைப் பிரிப்பான்?"

ரூபியின் விசாரணை

அன்று சாயங்காலமே என்னை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். துரைசானி அம்மாளும், பள்ளிக்கூடத்துக் கமிட்டியில் இருந்த சபை மூப்பர் ஒருவரும். துரைசானி அம்மாள் நல்லவர், இன்றைக்கும் சொல்வேன். "இனிமேல் எழுதமாட்டேன் என்று சொல். போதும்" என்றார். உடனே சரி என்றேன். எனக்கு வீறாப்பெல்லாம் கிடையாது. வீட்டில் அம்மா அரிசிப் பானையைத் தட்டிப் பார்ப்பது கண்ணுக்குள் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். மூப்பர் தொண்டையைக் கனைத்தார். கடைசி அத்தியாயம் இன்னும் பத்திரிகையில் வரவில்லை அல்லவா, அதை மாற்றி எழுதவேண்டும் என்றார். வீட்டை விட்டு ஓடிய பெண்ணுக்கு நல்ல முடிவு கிடைத்தால் நாளைக்கு விடுதிப் பிள்ளைகள் எல்லாம் மூட்டை கட்டுவார்களாம். அதனால் ரூபி பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து சாகவேண்டும். சாகுமுன் மனம் வருந்தி நாலு வார்த்தையும் பேசவேண்டும்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. சொத்தாசை பிடித்த சித்தப்பன் வீட்டில் அவள் எதற்காக இருக்கவேண்டும்? ஓடாமல் இருந்திருந்தால் சாமுவேல் தூக்கில் அல்லவா தொங்கியிருப்பான்? "எழுதுவதை விட்டுவிடுகிறேன் ஐயா. அவளைக் கொல்லமாட்டேன்" என்றேன். யோசித்துச் சொல் என்றார்கள். யோசித்தும் அதையேதான் சொன்னேன். அழுகை வந்தது, ஆனால் வார்த்தை மாறவில்லை. துரைசானி அம்மாள் கேட்டார்: "இல்லாத பெண்ணுக்காக இருக்கிற வேலையை விடுகிறாயா, எஸ்தர்?"

கேட்டுக்கு வெளியே

விட்டுவிட்டேன். குடையையும் தையல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டில் காவல்காரர் வேலு நின்றார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. விடுதிச் சமையல் ஆயா வாரா வாரம் வாசித்துச் சொல்லக் கேட்கிறவர். கண்ணீரோடு வருகிறேனே, ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "டீச்சரம்மா, பாலத்துல நின்னது ஆருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். சிரிப்பதா அழுவதா? சித்தப்பா இல்லை, ரூபிக்குக் கடைசிவரை உதவி செய்த டாக்டர்தான் என்றேன். வேலுவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று: "நான் மொத வாரமே சொன்னேன், அந்த ஆயாதான் ஒத்துக்கிடல!"

அம்மாவின் தீர்ப்பு

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அம்மா துவையல் அரைத்துக்கொண்டிருந்தவள் அரைத்து முடித்தாள், கையைக் கழுவினாள், எனக்குச் சோறு போட்டாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன், இறங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் கேட்டாள்: "இம்புட்டு வருஷத்துல எம்புட்டுப் பேரைக் கொன்னிருக்க, கூட ஒருத்தியக் கொல்றதுக்கு ஒனக்குக் கை வரலையாக்கும்?"

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ரூபி பாலத்தைத் தாண்டிப் பத்திரமாகச் சாமுவேல் கையில் போய்ச் சேர்ந்தாள், அவளைச் சேர்த்துவிட்ட நான்தான் தை பிறந்தும் வழி பிறக்காமல் வேலை தேடி அலைந்தேன்.